பெயரோ பூ... கிடைப்பதோ பம்ப்செட்! திட்டப் பெயர்களின் சூட்சுமம்

எழுத்துக்குத் தக்கபடி வார்த்தைகளை அடுக்கி வைக்கப்படும் பெயர்கள்... விவசாயி தெரிந்துகொள்ள வேண்டியவை என்னென்ன?

'குசும்' என்றால் பூ. 'ஆஷா' என்றால் நம்பிக்கை. 'பிரணாம்' என்றால் வணக்கம். 'ரஃப்தார்' என்றால் வேகம். வட மாநிலத்தில் பிள்ளைகளுக்கு வைக்கிற பெயர்கள் போலத் தோன்றலாம். ஆனால், இவை நான்குமே விவசாயத்துக்காக மத்திய அரசு அறிவித்த திட்டங்களின் பெயர்கள்.

பூவின் பெயரில் இருப்பது சூரியசக்தி பம்ப்செட். நம்பிக்கையின் பெயரில் இருப்பது பயறு, கொப்பரைக் கொள்முதல். வணக்கத்தின் பெயரில் இருப்பது ரசாயன உரத்தைக் குறைக்கும் ஏற்பாடு. பெயரை மட்டும் கேட்டால் எது எதற்கு என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தி தெரிந்தவருக்கே இந்த நிலை. இந்தி தெரியாத தமிழ்நாட்டு விவசாயிக்குப் பூவும் தெரியாது, பம்ப்செட்டும் தெரியாது. 'குசும்' என்று காதில் விழுந்தால் 'குசும்பு' என்பதுதான் நினைவுக்கு வரும்.

இது வெறும் மொழி விவகாரம் இல்லை. பெயர் புரியாததால் வாய்ப்பைத் தவறவிடுகிறவர்கள் ஒரு பக்கம். அந்தப் புரியாத பெயரையே தூண்டிலாக்கி விவசாயிகளிடம் பணம் பறிப்பவர்கள் இன்னொரு பக்கம். அதனால், இந்தப் பெயர்கள் எப்படி உருவாகின்றன என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

காலுக்குச் செருப்பா, செருப்புக்குக் காலா?

நீளமான பெயரைச் சுருக்கிச் சொல்வது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான். வேளாண்மைக்கும் ஊரக வளர்ச்சிக்குமான தேசிய வங்கி 1982-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதன் ஆங்கிலப் பெயரில் உள்ள முக்கியச் சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் 'நபார்டு'. இங்கே முழுப்பெயர் முதலில் வந்தது. சுருக்கம் பிறகு வந்தது. 'நபார்டு' என்பதற்குத் தனியாக எந்தப் பொருளும் இல்லை. இது நேர்வழி.

இன்னொரு வழி தலைகீழானது. முதலில் மனதைக் கவரும் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். பிறகு, அந்தச் சொல்லின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு வார்த்தையைத் தேடி, பின்னாலிருந்து முழுப்பெயரைக் கட்டுவார்கள். காலுக்குத் தக்க செருப்பு தைப்பதை விட்டு, செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டுகிற கதை. ஆங்கிலத்தில் இதற்கு 'பேக்ரோனிம்' என்றே ஒரு சொல் இருக்கிறது. 1983-ம் ஆண்டு 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழ் நடத்திய புதுச்சொல் போட்டிக்கு வந்த சொல் அது.

சொல் புதிது என்றாலும் பழக்கம் பழையது. இரண்டாம் உலகப்போர் நடந்த 1942-ல், அமெரிக்கக் கடற்படையில் பெண்களுக்கு ஒரு பிரிவு தொடங்கினார்கள். கடற்படை என்பதால் 'அலைகள்' என்று பொருள்படும் 'வேவ்ஸ்' என்ற பெயர் வரும்படி வார்த்தைகளை அடுக்கினார்கள். 2001-ல் அந்த நாட்டில் வந்த பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்துக்கு, 'தேசபக்தர்' என்று பொருள்படும் 'பேட்ரியாட்' என்ற சொல் கிடைக்கும்படி பத்துச் சொற்களில் பெயர் வைத்தார்கள். தேசபக்தியின் பெயரில் இருக்கும் சட்டத்தை எதிர்த்துப் பேசுவது யாருக்கும் சங்கடம்தானே? பெயருக்குள் இருக்கும் அரசியல் இதுதான்.

அமுல்... ஆவின்!

நம் நாட்டில் விவசாயிகளுக்கு மிகவும் பழக்கமான உதாரணம், பால் பாக்கெட்டில் இருக்கிறது. குஜராத்தின் ஆனந்த் நகரில், 1946-ம் ஆண்டு கைரா மாவட்டக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர்கள் சங்கம் தொடங்கப்பட்டது. அதன் வெண்ணெய்க்கும் பால்பொடிக்கும் வைத்த வணிகப் பெயர் 'அமுல்'. விலைமதிப்பற்றது என்று பொருள்படும் 'அமூல்ய' என்ற சமஸ்கிருதச் சொல்லிலிருந்து எடுத்தது. அதே எழுத்துகளுக்கு 'ஆனந்த் மில்க் யூனியன் லிமிடெட்' என்றும் விரிவாக்கம் சொல்வார்கள். ஆனால், சங்கத்தின் பெயரில் இருப்பது கைரா, ஆனந்த் இல்லை. சொல்லும் பொருந்துகிறது, விரிவாக்கமும் பொருந்துகிறது என்பதால், அது யாரையும் குழப்பவில்லை.

நம் 'ஆவின்' அப்படியில்லை. தமிழ்நாடு கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர்கள் இணையத்தின் ஆங்கிலப் பெயரில் எந்த எழுத்தைக் கூட்டினாலும் 'ஆவின்' வராது. 'ஆ' என்றால் பசு. 'ஆவின்' என்றால் பசுவினுடைய. ஆவின் பால் என்றால் பசுவின் பால். விரிவாக்கமே தேவைப்படாத நேர்மையான பெயர். உழவர் சந்தை, உழவன் செயலி ஆகியவையும் இந்த வகைதான். பெயரைக் கேட்டதுமே யாருக்கானது என்று தெரிந்துவிடும்.

எழுத்துக்கு எழுத்து...

இப்போது திட்டங்களுக்கு வருவோம்.

பி.எம்.குசும்: 2019-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. 'கிசான் ஊர்ஜா சுரக்ஷா ஏவம் உத்தான் மகாபியான்' என்பது விரிவாக்கம். கிசான் என்றால் விவசாயி, ஊர்ஜா என்றால் ஆற்றல், சுரக்ஷா என்றால் பாதுகாப்பு, உத்தான் என்றால் மேம்பாடு, மகாபியான் என்றால் பேரியக்கம். நடுவில் உள்ள 'ஏவம்' (மற்றும்) கணக்கில் சேராது. ஆக, 'விவசாயிகளின் ஆற்றல் பாதுகாப்பு மற்றும் மேம்பாட்டுப் பேரியக்கம்'. இவ்வளவு நீளமான பெயரில் சூரியன் என்ற சொல்லும் இல்லை, பம்ப் என்ற சொல்லும் இல்லை. 'பூ' மலர வேண்டும் என்பதற்காக, விவசாயிக்குத் தேவையான இரண்டு வார்த்தைகளும் வெளியே நிற்கின்றன.

இந்தத் திட்டத்தில் மூன்று பிரிவுகள் உள்ளன. முதலாவது, 2 மெகாவாட் வரையிலான சிறிய சூரியசக்தி மின்நிலையங்கள் அமைப்பது. இரண்டாவது, மின் இணைப்பு இல்லாத இடத்தில் தனித்து இயங்கும் சூரியசக்தி பம்ப்செட், 7.5 குதிரைத்திறன் வரை மானியம் உண்டு. மூன்றாவது, ஏற்கெனவே மின் இணைப்பு உள்ள பம்ப்செட்டைச் சூரியசக்திக்கு மாற்றுவது. இரண்டாவது பிரிவில் பொதுவான கணக்குப்படி, மத்திய அரசின் பங்கு 30 சதவிகிதம். மாநில அரசு குறைந்தது 30 சதவிகிதம் தர வேண்டும். மீதம் விவசாயியின் பங்கு. அதில் ஒரு பகுதியை வங்கிக் கடனாகப் பெறவும் வழி உண்டு. தமிழ்நாட்டில் தனித்து இயங்கும் பம்ப்செட்டுக்கு அணுக வேண்டியது வேளாண்மைப் பொறியியல் துறை. அங்கே போய் 'சோலார் பம்ப்செட் மானியம்' என்று கேட்டாலே போதும். குசும் என்ற சொல்லை நினைவில் வைத்திருக்கத் தேவையே இல்லை.

பி.எம்.ஆஷா: 2018 செப்டம்பரில் வந்தது. 'அன்னதாதா ஆய் சன்ரக்ஷண் அபியான்' என்பது விரிவாக்கம். 'உணவளிப்பவரின் வருமானப் பாதுகாப்பு இயக்கம்' என்று பொருள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆஷா என்பதை ஆங்கிலத்தில் ஏ, ஏ, எஸ், ஹெச், ஏ என்று ஐந்து எழுத்துகளில் எழுதுகிறார்கள். விரிவாக்கத்தில் இருப்பதோ நான்கு சொற்கள். குறைகிற 'ஹெச்' எழுத்தை, சன்ரக்ஷண் என்ற சொல்லின் நடுவிலிருந்து இழுத்து வந்து, அதை மட்டும் பெரிய எழுத்தாக்கி அச்சடித்தார்கள். இதே உச்சரிப்பில் கிராமப்புறச் சுகாதாரப் பணியாளர்களுக்கும் 'ஆஷா' என்ற பெயர் முன்பே இருக்கிறது. அதுவும் ஒரு சுருக்கம்தான்.

ஆஷா என்ற குடையின் கீழ்தான், குறைந்தபட்ச ஆதரவு விலைக்குக் கொள்முதல் செய்யும் 'விலை ஆதரவுத் திட்டம்' இருக்கிறது. நம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் கொப்பரை, பச்சைப்பயறு, உளுந்து ஆகியவை நாஃபெட் நிறுவனத்துக்காக வாங்கப்படுவது இதன்படிதான். 2024 செப்டம்பரில், விலை நிலைப்படுத்தும் நிதி, சந்தைத் தலையீட்டுத் திட்டம் ஆகியவையும் இந்தக் குடைக்குள் வந்தன. கொப்பரை போட்டுப் பணம் வாங்கிய தென்னை விவசாயி, தான் 'ஆஷா' திட்டப் பயனாளி என்பதை அறிந்திருக்க வாய்ப்புக் குறைவு. விலை சரியும்போது எந்தத் திட்டத்தின்படி கொள்முதல் கேட்டு மனு கொடுக்கலாம் என்பதும் அவருக்குத் தெரியாமல் போகிறது. நஷ்டம் அங்கேதான்.

பி.எம்.பிரணாம்: 2023-ல் ஒப்புதல் பெற்றது. பூமித்தாயை மீட்டெடுப்பது, விழிப்புணர்வு உருவாக்குவது, ஊட்டமளிப்பது, மேம்படுத்துவது என்று ஆங்கிலத்தில் நீண்டுகொண்டே போகிற பெயர். 'தாய்' என்பதற்கான 'மதர்' கணக்கில் சேர்கிறது. ஆனால், 'பூமி' என்பதற்கான 'எர்த்' சேரவில்லை. சேர்த்தால் வணக்கம் கெட்டுவிடும். ரசாயன உரப் பயன்பாட்டைக் குறைக்கும் மாநிலத்துக்கு, அதனால் மிச்சமாகும் உர மானியத்தில் பாதியை மத்திய அரசு திருப்பிக் கொடுக்கும் என்பதுதான் திட்டம். கவனிக்க வேண்டியது, பணம் போவது மாநில அரசுக்கு. எந்த விவசாயியும் இதற்காகத் தனியாக விண்ணப்பிக்க வேண்டியதில்லை. 'பிரணாம் திட்டத்தில் உங்களுக்குப் பணம் வந்திருக்கிறது' என்று யாராவது தொலைபேசியில் சொன்னால், அது ஏமாற்று வேலை.

ரஃப்தார்: தேசிய வேளாண் வளர்ச்சித் திட்டத்துக்கு 2017-ல் சேர்க்கப்பட்ட பின்னொட்டு. ஆங்கிலத்தில் ஆர், ஏ, எஃப், டி, ஏ, ஏ, ஆர் என்று ஏழு எழுத்துகள். வேளாண்மை மற்றும் சார்புத்துறைகளுக்குப் புத்துயிரூட்டும் லாபகரமான வழிமுறைகள் என்பது விரிவாக்கத்தின் பொருள். ஆங்கில விரிவாக்கத்தில் 'டி' எழுத்தில் தொடங்கும் சொல் ஒன்றுகூட இல்லை. வேகம் வேண்டும் என்ற அவசரத்தில் எழுத்தையே தாண்டிப் போய்விட்டார்கள்!

ஸ்வாமித்வா: 2020 ஏப்ரல் 24, பஞ்சாயத்து ராஜ் தினத்தன்று தொடங்கப்பட்டது. இந்தச் சொல்லுக்கு 'உரிமை' அல்லது 'உடைமை' என்று பொருள். பெயரைக் கேட்டால், விளைநிலத்துக்குப் பட்டா கிடைக்கும் என்று தோன்றும். ஆனால், ஆங்கில விரிவாக்கத்தில் 'ஆபாதி' என்ற சொல் இருக்கிறது. அதாவது, ஊரின் குடியிருப்புப் பகுதி. அங்குள்ள வீட்டுமனைகளை ட்ரோன் மூலம் அளந்து, உரிமை ஆவணம் தருவதுதான் திட்டம். வயல், தோட்டத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

அட்மா: இதை 'ஆத்மா' என்றும் சிலர் சொல்கிறார்கள். 'வேளாண்மைத் தொழில்நுட்ப மேலாண்மை முகமை' என்பதன் ஆங்கிலச் சுருக்கம். மேலே சொன்னவற்றோடு ஒப்பிட்டால் இது தேவலாம். நான்கு எழுத்துக்கும் நான்கு சொற்கள் சரியாக நிற்கின்றன. செய்கிற வேலையும் பெயரில் இருக்கிறது. விவசாயிகளுக்கான பயிற்சி, செயல்விளக்கம், கண்டுணர்வுச் சுற்றுலா, பண்ணைப்பள்ளி போன்றவை இதில்தான் நடக்கின்றன.

இவற்றுக்கிடையே பி.எம்.கிசான் தனி ரகம். ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதுவதால், 'கிசான்' என்பதும் ஏதோ சுருக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். அது சுருக்கமே இல்லை. 'பிரதமரின் விவசாயி கௌரவ நிதி' என்ற இந்திப் பெயரில் உள்ள 'விவசாயி' என்ற சொல்தான் கிசான். ஆண்டுக்கு 6,000 ரூபாயை, 2,000 ரூபாய் வீதம் மூன்று தவணைகளாக வழங்கும் திட்டம்.

மத்திய அரசு மட்டும்தான் இப்படிப் பெயர் வைக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. விவசாயிகளின் விவரங்களை ஒரே இடத்தில் பதிவுசெய்யத் தமிழ்நாடு அரசு அறிவித்த இணையதளத்தின் பெயர் 'கிரெயின்ஸ்'. ஆங்கிலத்தில் 'தானியங்கள்' என்று பொருள் வருமாறு கட்டிய சுருக்கம்தான் அதுவும்.

மக்கள் வைத்த பெயர்!

2005-ல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்துக்கு எவ்வளவு நீளமான பெயர் இருந்தாலும், தமிழ்நாட்டுக் கிராமங்களில் அது 'நூறு நாள் வேலை'தான். அதற்குப் பதிலாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டத்துக்கு, 'வி.பி. ஜி ராம் ஜி' என்று வரும்படி, ஆங்கிலச் சொற்களையும் இந்திச் சொற்களையும் கலந்து பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரை வைத்து நாடாளுமன்றத்தில் பெரிய விவாதமே நடந்தது. ஆனால், வேலைக்குப் போகிறவர்கள் பார்க்க வேண்டியது வேறு. நாள்களின் எண்ணிக்கை 125 ஆகிறது. பெரும்பாலான மாநிலங்களில் செலவை மத்திய அரசும் மாநில அரசும் 60-க்கு 40 என்று பகிர்ந்துகொள்ள வேண்டும். விதைப்பு, அறுவடைக் காலங்களில் ஆண்டுக்கு 60 நாள்கள் வரை இந்த வேலையை நிறுத்திவைக்க மாநில அரசுக்கு வழி இருக்கிறது. பெயரைப் பற்றிய சண்டையில், கூலியைப் பாதிக்கும் இந்த விஷயங்கள் பின்னுக்குப் போய்விடக் கூடாது.

'பேரு பெத்த பேரு, தாக நீலு லேது' என்று நம் பக்கம் ஒரு தெலுங்குப் பழமொழியைச் சொல்வார்கள். பெயர் பெரிய பெயர், குடிக்கத் தண்ணீர் இல்லை என்று பொருள். எல்லாத் திட்டங்களும் அப்படியில்லை. தண்ணீர் இருக்கிற திட்டங்களும் உண்டு. ஆனால், தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்பதைப் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது.

நெல்லைப் பாருங்கள்!

சுருக்கப் பெயர் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு, விவசாயிகள் கையிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. ஏ.டி.டி. என்றால் ஆடுதுறை, சி.ஓ. என்றால் கோயம்புத்தூர், ஏ.எஸ்.டி. என்றால் அம்பாசமுத்திரம், டி.கே.எம். என்றால் திரூர்க்குப்பம், வி.ஆர்.ஐ. என்றால் விருத்தாசலம், வி.பி.என். என்றால் வம்பன். பக்கத்தில் ஓர் எண். எந்த ஊர் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ரகம் என்பதைப் பெயரே சொல்லிவிடும். விதை சரியில்லை என்றால், எங்கே போய்க் கேட்பது என்பதும் தெரியும்.

திருச்சியில் உருவான நெல் ரகங்களுக்கு டி.ஆர்.ஒய். என்று பெயர். அதைச் சேர்த்து வாசித்தால் ஆங்கிலத்தில் 'முயற்சி செய்' என்று பொருள் வருகிறது. களர் நிலத்துக்கு ஏற்ற ரகம் என்பதால் பொருத்தமாகவும் இருக்கிறது. ஆனால், அது தற்செயலாக அமைந்தது. ஊர்ப் பெயரைத் திருகி வரவழைத்தது இல்லை.

ஏமாற்றுக்காரர்களின் தூண்டில்!

புரியாத பெயர்களால் வருகிற பெரிய ஆபத்து மோசடிதான். பி.எம்.குசும் பெயரில் போலி இணையதளங்கள் தொடங்கி, பதிவுக் கட்டணம் என்று விவசாயிகளிடம் பணம் வாங்குவதாக, மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் பலமுறை எச்சரித்திருக்கிறது. பி.எம்.கிசான் பெயரில் வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. கோப்புகளை அனுப்பி, அதைத் தொட்டதும் செல்போனில் உள்ள வங்கி விவரங்களைத் திருடும் கும்பல்களும் இருக்கின்றன. 2020-ல் தமிழ்நாட்டில் பி.எம்.கிசான் திட்டத்தில் தகுதியில்லாதவர்கள் லட்சக்கணக்கில் சேர்க்கப்பட்டது வெளிச்சத்துக்கு வந்தது. கணக்கில் ஏறிய பணத்தை அதிகாரிகள் திரும்ப வசூலித்தார்கள். ஏதோ அரசு உதவி என்று நம்பி, ஆதாரையும் வங்கிப் புத்தகத்தையும் இடைத்தரகரிடம் கொடுத்தவர்களும் அதில் சிக்கினார்கள்.

'பம்ப்செட்டுக்கு மானியம் தருகிறோம், பணம் கட்டுங்கள்' என்று சொன்னால், நான்கு கேள்வி கேட்கத் தோன்றும். 'குசும் அப்ரூவல் வந்துடுச்சு' என்று சொன்னால், கேள்வி கேட்கத் தெரியாது. மோசடிக்காரர்களுக்கு அந்தத் தயக்கம் போதும்.

கேட்க வேண்டிய 5 கேள்விகள்

எந்தத் திட்டத்தின் பெயரைக் கேள்விப்பட்டாலும், இந்த ஐந்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

1. இதன் முழுப்பெயர் என்ன, தமிழில் என்ன பொருள்? சுருக்கத்தை மட்டும் கேட்டுவிட்டுத் தலையாட்ட வேண்டாம்.

2. எந்தத் துறை நடத்துகிறது? வேளாண்மையா, தோட்டக்கலையா, வேளாண்மைப் பொறியியலா, வருவாய்த்துறையா? துறை தெரிந்தால் எந்த அலுவலகம் என்பது தெரிந்துவிடும்.

3. பணமோ, பொருளோ யாருக்கு வருகிறது? விவசாயிக்கா, குழுவுக்கா, மாநில அரசுக்கா?

4. என்ன தகுதி, என்ன ஆவணம்? சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம், சிறு, குறு விவசாயி சான்று ஆகியவற்றில் எது தேவை என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

5. விவசாயி கட்ட வேண்டிய பங்கு எவ்வளவு, எப்போது, யார் பெயரில் கட்ட வேண்டும்? துறையிலிருந்து எழுத்துபூர்வமாக வராமல் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம். செல்போனுக்கு வரும் ஓ.டி.பி. எண்ணை யாரிடமும் சொல்ல வேண்டாம்.

சந்தேகம் இருந்தால், வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் நேரில் கேட்கலாம். கிசான் கால் சென்டரின் கட்டணமில்லாத எண் 1800-180-1551, தமிழிலேயே பேசலாம். பணத்தை இழந்துவிட்டால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் சொல்ல வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை முடக்கி மீட்க வாய்ப்பு அதிகம்.

வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, விண்ணப்பித்த ஒவ்வொரு திட்டத்தையும் நம் வார்த்தையிலேயே எழுதி வைக்கலாம். 'சோலார் பம்ப், பொறியியல் துறை, மனு கொடுத்த தேதி, ரசீது எண்' என்று இருந்தால், வீட்டில் யார் எடுத்துப் பார்த்தாலும் புரியும்.

கிராம சபைக் கூட்டங்களிலும் இதைக் கேட்கலாம். திட்டங்களை வாசிக்கும் அலுவலர், சுருக்கப் பெயரை மட்டும் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனால், 'இதன் பெயரைத் தமிழில் சொல்லுங்கள். எங்கள் ஊரில் எத்தனை பேருக்குக் கிடைத்தது என்றும் சொல்லுங்கள்' என்று எழுந்து கேட்க, ஊரில் உள்ள எல்லோருக்கும் உரிமை இருக்கிறது. ஒருவர் கேட்டால், கூச்சத்தில் கேட்காமல் இருக்கும் பத்துப் பேருக்கும் விடை கிடைக்கும்.